எடுக்காதீங்க, அது ஃபேக்ஸ்!

ஃபேக்ஸ் மெஷினை போன் லைனில் இணைப்பது பத்து நிமிட வேலை; அதற்குப் பிறகு அந்த லைனில் யார், எப்போது போனை எடுக்கக் கூடாது என்று வீட்டாருக்குப் புரியவைப்பது ஆயுள் முழுக்க நடக்கிற வேலை.

இன்னுமா ஃபேக்ஸ் இருக்கிறது என்று நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன், இருக்கிறது. திருவண்ணாமலையில் வக்கீல் வீட்டில் இருக்கிறது, லாட்ஜில் இருக்கிறது, வேங்கிக்காலில் ஜெராக்ஸ் கடையில் இருக்கிறது, செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்களுக்கு ரூம் விடுகிற வீட்டில் இருக்கிறது. அத்தனையையும் இணைத்தவள் நான்தான். பெயர் பர்வீன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். பதினெட்டு வருஷமாக ஊரார் மேஜைகளுக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருக்கிறேன். கதவைத் திறக்கிறவர்கள் முதலில் என்னைப் பார்ப்பார்கள். அப்புறம் என் பின்னால் ஆம்பளை யாராவது வருகிறாரா என்று எட்டிப் பார்ப்பார்கள். யாரும் வராததால் அரை மனசோடு வழி விடுவார்கள்.

இன்வெர்ட்டர், வாஷிங் மெஷின், டிஷ், தண்ணீர் சுத்திகரிக்கிற டப்பா என்று ஏதோ ஒரு காரணத்துக்காக அடுத்தவர் வீட்டுக்குள் ஸ்க்ரூடிரைவரோடு நுழைகிற என் சக பாவப்பட்ட ஜீவன்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இதில் வருகிறவர்கள் எல்லாரும் என் கஸ்டமர்கள். ஒவ்வொருவர் மீதும் எனக்குக் கோபம் வந்திருக்கிறது, பிரியம் அதைவிட ஜாஸ்தி. போன தேர்த் திருவிழா அன்று ஒரே ஒரு ஃபேக்ஸ் போயாக வேண்டியிருந்தது. போகாவிட்டால் ஜெர்மனியில் இடுப்பு எலும்பு உடைந்து கிடக்கிற ஒரு வயசான அம்மாவுக்கு ஆபரேஷன் தள்ளிப்போகும். அந்த ஒரு ஃபேக்ஸுக்கு இவர்கள் அத்தனை பேரும் தேவைப்பட்டார்கள். அதனால் ஒவ்வொருவராகவே சொல்லிக்கொண்டு வருகிறேன்.

மாடியில் ஒரு ஹலோ

வக்கீல் சம்பந்தத்தின் வீடு, தேர் போகிற மாட வீதியில் இருக்கிறது. கீழே ஆபீஸ், மேலே வீடு. ஒரே லைன்தான். அதில் கீழே ஃபேக்ஸ் மெஷின், மேலே ஒரு பழைய சிவப்பு போன். ஒரே லைனில் இரண்டு கருவி இருந்தால் ஒரு விதி உண்டு. கீழே ஃபேக்ஸ் ஓடும்போது மேலே யாரும் ரிசீவரைத் தொடக் கூடாது. தொட்டால் வந்துகொண்டிருக்கிற பக்கம் பாதியில் அறுந்துவிடும். இதை வக்கீலின் மனைவி ராஜேஸ்வரி அம்மாவிடம் நான் எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே கணக்கில்லை. மணி அடித்தால் அவர் எடுத்துவிடுவார். காதில் ஃபேக்ஸ் கீச்சென்று கத்தும். அதற்கும் மேலே இவர் "ஹலோ! யாரு? சத்தமாப் பேசுங்க!" என்று கத்துவார். கீழே வக்கீலுக்கு வரும் நோட்டீஸ் "ஆகவே தாங்கள்" என்பதோடு நின்றுபோகும்.

போனையே கழட்டிவிடலாமே என்பீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். வீடு பழசு, வயர் சுவருக்குள்ளே போகிறது, போனுக்கு பிளக்கே கிடையாது, ஸ்க்ரூ போட்டு முடுக்கியது. பெயின்ட் அடித்து அடித்து அந்த ஸ்க்ரூவின் தலை எங்கே என்று யாருக்கும் தெரியாது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அவர்கள் மகன் சுரேஷ் அமெரிக்காவில் இருக்கிறான். மற்ற நாட்களில் செல்போனில் முகம் காட்டிப் பேசுவான். தேர் அன்று ஊரே கூடுவதால் செல்போன் எதுவும் எடுபடாது. அன்று மட்டும் இந்தப் பழைய நம்பருக்குக் கூப்பிடுவான். தேர் வீட்டைத் தாண்டும்போது ராஜேஸ்வரி அம்மா ரிசீவரை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டுவார். அங்கே தூங்கப் போகும் முன்பு அவன் தேர்ச் சத்தத்தைக் கேட்பான். வருஷத்தில் ஒரு நாள் நடக்கிற இந்த விஷயத்துக்காக, மீதி நாளெல்லாம் அந்த அம்மாவின் கை போனுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் நான் பொறுமை இழந்து, "அது ஃபேக்ஸ்மா, மனுஷன் இல்ல, எடுக்காதீங்க" என்று கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார். "ஒருத்தர் அந்தப் பக்கம் அப்படிக் கத்தினே இருக்கும்போது, இன்னான்னு ஒரு வார்த்தை கேக்காம எப்படிம்மா இருக்கறது?"

விசில் அடிக்கிற லாட்ஜ்

இது என் தப்பு. ஒப்புக்கொள்கிறேன்.

பழனி என்பவர் ஒரு முட்டுச்சந்துக்குள்ளே லாட்ஜ் நடத்துகிறார். சந்துக்குள் லாட்ஜ் இருப்பது வழியோடு போகிறவர்களுக்குத் தெரியாது. அவருக்கு வருகிற ஆட்கள் எல்லாரும் ஆந்திராவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பஸ் பிடித்து வருகிற கோஷ்டிகள். போன் பண்ணி ரூம் சொல்லிவைத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். அவருக்கு ஃபேக்ஸ் இணைத்துக் கொடுத்துவிட்டு, சோதனைக்காக 'ஒரே மணியில் மெஷின் தானாக எடுக்கும்' என்று வைத்தேன். சோதனை முடிந்ததும் அதைப் பழையபடி மாற்ற மறந்துவிட்டு, அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அது பௌர்ணமி வாரம். ரூம் கேட்டுக் கூப்பிட்ட எல்லாருக்கும் ஒரே மணியில் என் மெஷின் எடுத்து, காதைக் கிழிக்கிற மாதிரி விசில் அடித்திருக்கிறது. ஊர் முழுக்க கிரிவலக் கூட்டம், பிளாட்பாரத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள், பழனியின் லாட்ஜில் மட்டும் ஃபேன் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார். நான் ஓடிப்போய் ஒரு பட்டனை மாற்றினேன். உடனே மணி அடித்தது, ரூம் கேட்டு ஆள் பேசினார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. பழனி திட்டவில்லை. சாவிக்கொத்துகள் வரிசையாகத் தொங்கிய பலகையைக் காட்டிச் சொன்னார். "ஊருக்கே ரூம் இல்ல, என் ஒருத்தன்கிட்டதான் ரூம் இருக்குது. ரூம் இருக்குதுன்னு சொல்லத்தான் உன் மெஷினுக்கு வாய் இல்ல."

ஆயுத பூஜை செய்த கோலம்

முருகையன் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் போகிற வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மனு எழுதித் தருவார், டைப் அடித்துத் தருவார், ஃபேக்ஸும் அனுப்புவார். பயபக்தியுள்ள மனிதர். ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவி, ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரிகடலை படைத்துவிடுவார். ஜெராக்ஸ் மெஷினுக்கு நெற்றி பெரிசு, எங்கே வைத்தாலும் பரவாயில்லை. ஃபேக்ஸ் சின்ன மெஷின். வைக்க இடமில்லாமல் மூடியைத் திறந்து, உள்ளே பளபளவென்று ஒரு கண்ணாடிப் பட்டை தெரிந்ததைப் பார்த்து, நல்ல இடமாக இருக்கிறதே என்று அதன் நடுவில் அழகாக ஒரு பொட்டு வைத்துவிட்டார்.

அந்தக் கண்ணாடி வழியாகத்தான் மெஷின் காகிதத்தைப் படிக்கும். காகிதம் நகர நகர, பொட்டு இருக்கிற இடமெல்லாம் கறுப்பாகப் பதியும். அதனால் அடுத்த வாரம் முழுக்க அவர் கடையிலிருந்து போன ஒவ்வொரு மனுவின் நடுவிலும் மேலிருந்து கீழ் வரை தடிமனாக ஒரு கோடு. ஆபீஸ்களில் ஒரு தாளை ரத்து செய்வதற்கு அப்படித்தான் கோடு இழுப்பார்கள். வாங்கினவர்களும் மனுதாரரே மனுவை ரத்து செய்துவிட்டார் என்று நினைத்து ஓரமாக வைத்துவிட்டார்கள். பட்டா மாறுதல் கேட்ட ஒரு விவசாயி நேரில் போய் விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. முருகையன் அவரைக் கையோடு உட்காரவைத்து எல்லா மனுவையும் மறுபடி அனுப்பினார். நான் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். இனிமேல் மெஷினுக்குப் பொட்டே வைக்க மாட்டீர்களா என்று கேட்டேன். அவருக்குச் சுருக்கென்றது. "பொட்டு வெச்சது தப்பு இல்லம்மா, நெத்தின்னு நெனச்சு கண்ணுல வெச்சேன் பாரு, அதான் தப்பு."

பத்துக்கு மூணு

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, அன்பழகன் என்பவர் தன் நிலக்கடலை நிலத்தில் பாதியை விட்டுவிட்டு மீதியில் வரிசையாக ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். அங்கே பன்னிரண்டு வருஷமாக இருக்கிறார் உர்சுலா. ஜெர்மனிக்காரர், வயசு அறுபது இருக்கும். பால் கொண்டுவருகிற அம்மாவிடம் தமிழ் பேசக் கற்றுக்கொண்டவர், அதனால் எங்கள் ஊர்ப் பேச்சுத்தான் அவருக்கு வரும். அவருடைய அம்மாவுக்கு எண்பத்தெட்டு வயசு. ஜெர்மனியில் முதியோர் இல்லத்தில் இருக்கிறார், ஞாபக மறதி நோய். வேறு பிள்ளைகள் கிடையாது. அங்கே எதற்கெடுத்தாலும் உர்சுலாவின் கையெழுத்து வேண்டும். அந்த ஊரில் ஆஸ்பத்திரிகள் இன்னும் ஃபேக்ஸைத்தான் நம்புகின்றன, செல்போனில் போட்டோ பிடித்து அனுப்பினால் ஏற்க மாட்டார்களாம். இதைக் கேட்டதும் அன்பழகன் தன் செலவிலேயே ஒரு மெஷின் வாங்கிவந்து என்னைக் கூப்பிட்டார்.

அங்கே இருந்தது ஃபைபர் லைன். ஊரில் முக்கால்வாசி இடத்தில் இப்போது அதுதான். பழைய செம்புக் கம்பி போய்விட்டது. ஃபைபர் பெட்டி நம் குரலைப் பொடிப்பொடியாக நறுக்கி அனுப்பி, அந்தப் பக்கம் ஒட்டவைக்கும். நடுவில் நாலு பொடி உதிர்ந்தாலும் நம் காது கண்டுகொள்ளாது. ஃபேக்ஸுக்கு ஒரு பொடி உதிர்ந்தாலும் போச்சு, பக்கமே அறுந்துவிடும். மெஷினின் வேகத்தைக் குறைத்தேன், தப்பு வந்தால் மெஷின் தானே திருத்திக்கொள்கிற ஏற்பாட்டை அணைத்தேன், என்னென்னவோ செய்தேன். பத்து தடவை அனுப்பினால் மூன்று தடவை போனது. அன்பழகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "பேசினா போவுது, எழுதினா போவலன்னா, இது இன்னா லைனும்மா?" என்று பெட்டியைப் பார்த்துக் கத்தினார். எனக்கும் சங்கடம். பத்துக்கு மூன்றுதான் என்னால் முடிந்தது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று உர்சுலாவிடம் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டினார். "பரவால்ல பர்வீன். எங்கம்மாவும் பத்து வாட்டில மூணு வாட்டிதான் என்ன யாருன்னு தெரிஞ்சுக்கறாங்க."

அன்று மெஷினை விட்டுவிட்டு வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு அழுகை வந்தது. இதை எந்தக் கஸ்டமரிடமும் சொன்னதில்லை.

பேட்டரி ஊர்வலம்

கார்த்திகைத் தேர் அன்று காலை ஒன்பதரை மணிக்கு உர்சுலா என் வீட்டு வாசலில் நின்றார். முகம் வெளுத்திருந்தது. பின்னாலேயே அன்பழகன் வேர்த்து வழிய நின்றார். பைக்கில் வயல் வழியாகச் சுற்றி வந்து, போலீஸ் தடுத்த இடத்தில் பைக்கைப் போட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறார்கள். முந்தின நாள் உர்சுலாவின் அம்மா கீழே விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. ஆபரேஷனுக்கு மகள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட இரண்டு பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே காலை எட்டு மணிக்கு, அதாவது நமக்குப் பன்னிரண்டரைக்கு, அன்றைய ஆபரேஷன் வரிசையை முடிவு செய்வார்கள். அதற்குள் தாள் வராவிட்டால் சனி, ஞாயிறு தாண்டி அடுத்த வாரம்தான். அந்த வயசில் உடைந்த எலும்போடு அத்தனை நாள் படுத்துக் கிடந்தால் மீண்டு வருவது கஷ்டம் என்று டாக்டர் முந்தின நாள் போனிலேயே சொல்லிவிட்டார்.

தாள் நேற்றே முருகையன் கடையில் பிரின்ட் எடுத்தாயிற்று, கையெழுத்தும் போட்டாயிற்று. போகத்தான் இல்லை. முருகையன் கடையும் ஃபைபருக்கு மாறிவிட்டது, அங்கே பாதிப் பக்கத்தில் அறுந்தது. அன்பழகன் வீட்டில் நேற்று ராத்திரி வரை முயன்றும் அந்தப் பத்துக்கு மூன்று கூட வாய்க்கவில்லை. இன்று காலையோ லைனே செத்துவிட்டது. தேர் உயரம் என்பதால் மாட வீதியில் குறுக்கே தொங்குகிற கேபிள் எல்லாவற்றையும் விடியும்போதே அவிழ்த்துச் சுருட்டிவிடுவார்கள். அந்த வீதியைத் தாண்டிப் போகிற ஃபைபரும் அதில் அடக்கம். தேர் நகர்கிற வீதியில் கரண்டையும் நிறுத்திவிடுவார்கள். செல்போன் கூட்டத்தில் மூச்சுத் திணறிக் கிடந்தது.

யோசித்துக்கொண்டே நின்றேன். மேலே இருப்பதை எல்லாம் அவிழ்த்துவிட்டார்கள். கீழே, மண்ணுக்குள் போகிற பழைய செம்புக் கம்பி? அதை யாரும் தொட முடியாது. அதற்குக் கரண்டும் டெலிபோன் எக்சேஞ்சிலிருந்தே வருகிறது. அந்தப் பக்கத்தில் செம்பு லைனை இன்னும் விடாமல் வைத்திருப்பது ஒரே வீடுதான். அமெரிக்காவில் இருக்கிற மகனுக்காக ஐ.எஸ்.டி. வாங்கிவைத்த லைன், ஜெர்மனிக்கும் போகும். வக்கீல் சம்பந்தம் வீடு! ஆனால் லைனுக்குக் கரண்ட் தேவையில்லை என்றாலும் மெஷினுக்குத் தேவை. வக்கீல் வீட்டு இன்வெர்ட்டர் போன மாதமே படுத்துவிட்டது, அதுவும் எனக்குத் தெரியும்.

பழனியின் லாட்ஜுக்கு ஓடினோம். கல்லாவில் கம்ப்யூட்டருக்கென்று வைத்திருக்கிற யு.பி.எஸ். பெட்டியை வாய் திறந்து கேட்கும் முன்பே பிடுங்கிக் கொடுத்துவிட்டார். எங்கள் மூன்று பேரின் முகமே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கும். நல்ல கனம். அன்பழகன் தலைமேல் வைத்துக்கொண்டார், நான் முன்னால் வழி கேட்டுக்கொண்டு போனேன், உர்சுலா தாளை ஜாக்கெட்டோடு சேர்த்து அணைத்துக்கொண்டு பின்னால் வந்தார். பக்தர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். கயிறு கட்டி நின்ற ஒரு போலீஸ்காரர் மட்டும் மறித்தார். விஷயத்தைச் சொன்னேன். கயிற்றைத் தூக்கிப் பிடித்தபடி சொன்னார். "எல்லாரும் தேருக்குத் தேங்கா பழம் கொண்ணாருவாங்க, நீங்கதான் பேட்டரி கொண்ணாந்துகிறீங்க. போங்க, போங்க."

சிவப்பு போன்

வக்கீல் வீடு சொந்தக்காரர்களால் நிரம்பி வழிந்தது. தேர் அன்று மாட வீதி வீட்டுக்காரர்களுக்கு உறவு பெருகிவிடும். வாசலில் மோர்ப் பானை, படியெல்லாம் செருப்பு. வக்கீல் வடம் பிடிக்கப் போயிருந்தார். நான் நேரே ஆபீஸ் ரூமுக்குள் நுழைந்து மெஷினைப் பழனியின் பெட்டியில் செருகினேன். விளக்கு எரிந்தது. கண்ணாடியைத் துடைக்க மூடியைத் திறந்தால் அங்கேயும் ஒரு சந்தனப் பொட்டு! முருகையனை நினைத்துக்கொண்டே துடைத்தேன். மணி பதினொன்று நாற்பது. நம்பரை அழுத்தினேன். அந்தப் பக்கம் மணி அடித்தது. எடுத்தது. கீச்சென்று கத்தியது. அத்தனை இனிமையான சத்தத்தை நான் கேட்டதே இல்லை. முதல் பக்கம் உள்ளே போகத் தொடங்கியது.

அப்போது மெஷின் ஸ்பீக்கரில், "ஹலோ! சுரேஷா? தேர் இன்னும் முக்கு திரும்பலடா!" என்று ஒரு குரல். லைன் அறுந்தது.

நம்பர் போடும்போது மாடியில் அந்தப் பழைய போன் 'டிங்' என்று ஒரு தரம் முனகும். அது போதும், ராஜேஸ்வரி அம்மாவின் கை போய்விடும். நான் படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன். உர்சுலாவும் வந்தார். ஜன்னல் ஓரத்தில் சிவப்பு போனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, பட்டுப்புடவையோடு ராஜேஸ்வரி அம்மா உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்த கோபத்தில் எதையோ சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கோபம் இறங்கிவிட்டது. மகன் கூப்பிடுகிற நேரம் அது. தேர் தாண்டிவிட்டால் அடுத்த வருஷம்தான். நான் இப்போது அந்த லைனைத்தான் கேட்க வந்திருக்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னேன். அவர் என்னை விட்டுவிட்டு உர்சுலாவைப் பார்த்தார்.

"உங்க அம்மாவுக்கு இன்னா வயசு?"

"எம்பத்தெட்டு."

"வலியில இருக்காங்களா?"

"ஆமா."

ராஜேஸ்வரி அம்மா ஒரு நிமிஷம் ஜன்னலைப் பார்த்தார். தேரின் உச்சி முக்கில் தெரிந்தது, அரோகரா சத்தம் ஏறிக்கொண்டிருந்தது. பிறகு போனை எடுத்து மடியில் வைத்து, ரிசீவரை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். சொந்தக்காரப் பிள்ளைகள் யாராவது எடுத்துவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. "நீ போய் அனுப்பு. இதை யாரும் தொடாம நான் பாத்துக்கறேன்" என்றார்.

கீழே வந்து மறுபடி போட்டேன். அந்தப் பக்கம் பிசி. மறுபடி பிசி. பழனியின் பெட்டி, சார்ஜ் தீரப்போகிறது என்று கூவ ஆரம்பித்தது. அன்பழகன் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, "இருடா, இருடா" என்று மாட்டிடம் பேசுகிற மாதிரி பேசினார். பன்னிரண்டு பத்துக்கு லைன் கிடைத்தது. முதல் பக்கம் போனது. இரண்டாம் பக்கம் நுழையும்போது தேர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. சுவர் அதிர்ந்தது, மேஜை அதிர்ந்தது, மாடியில் எல்லாரும் கைப்பிடிச் சுவரோரம் கூடிக் கத்தினார்கள். உர்சுலாவின் கையெழுத்து மெல்ல மெல்ல மெஷினுக்குள் நகர்ந்து மறைந்தது. போய்ச் சேர்ந்தது என்கிற சின்னச் சீட்டை மெஷின் கக்கியது. அடுத்த நிமிஷமே பெட்டி செத்தது.

நான் மேலே போனபோது தேர் தாண்டிப் போயிருந்தது. கூட்டமும் அதன் பின்னால் போய்விட்டது. ராஜேஸ்வரி அம்மா ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி அதே நாற்காலியில், அதே மாதிரி போனை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டு வாசலுக்கு வந்த தேரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போயிடுச்சும்மா, ஃபேக்ஸ் போயிடுச்சு" என்றேன். அவர் கையை எடுத்தார். விரல் எல்லாம் வெளுத்திருந்தது.

போன் அடித்தது.

என் பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. என் முகத்தைப் பார்த்து, சின்னப்பிள்ளை மாதிரி, "இப்ப எடுக்கலாமாம்மா?" என்று கேட்டார். எடுக்கலாம் என்று தலையை ஆட்டினேன். ரிசீவரைக் காதில் வைத்தார். உர்சுலா ஓடிவந்து அவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். அந்தப் பக்கம் சுரேஷ் என்ன கேட்டானோ, ராஜேஸ்வரி அம்மா ஒரு கையால் உர்சுலாவின் தலையைத் தடவிக்கொண்டே பதில் சொன்னார். "லைன் பிசியாத்தான்டா இருந்துச்சு. இந்த வருஷம் தேர்ச் சத்தம் ஜெர்மனிக்குப் போயிடுச்சு, உனக்கு அடுத்த வருஷம்."

அங்கிருந்து வந்த பதில்

ஆபரேஷன் அன்றே நடந்தது. பத்து நாள் கழித்து உர்சுலா மல்லிகைப்பூவோடு என் வீட்டுக்கு வந்தார். பூ எனக்கு, அதைவிடப் பெரிய பந்து ராஜேஸ்வரி அம்மாவுக்கு. அவருடைய அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். நர்ஸ் போனைக் காதில் வைத்துப் பேசவைத்தாராம். நான் கொஞ்சம் ஆசையோடுதான் கேட்டேன், அன்றைக்காவது மகளை யாரென்று தெரிந்துகொண்டாரா என்று. உர்சுலா இல்லையென்று தலையாட்டினார். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னார். "யாரு பேசறதுன்னு கேட்டாங்க. உர்சுலான்னேன். அப்படி யாரையும் தெரியாதுன்னாங்க. ஆனா கால் வலிக்கலன்னு சொன்னாங்க பர்வீன், எனக்கு அது போதும்."

அன்றிலிருந்து சிவப்பு போன் எப்போது அடித்தாலும் ராஜேஸ்வரி அம்மா அதைத் தொடாமல், செல்போனில் என்னைக் கூப்பிட்டு "அடிக்குதும்மா, எடுக்கலாமா?" என்று கேட்கிறார்; பதினெட்டு வருஷம் 'எடுக்காதீங்க' என்று அந்த வீட்டில் கத்தினவள், இனி மீதி ஆயுளுக்கு 'எடுங்கம்மா' என்று கத்த வேண்டும் போலிருக்கிறது.